அமிழ்ந்த வயலும் மேட்டுப்பாத்தியும்

அந்தமானுக்கு உல்லாசப் பிரயாணம் போய் வருகிறவர்கள் வண்டூரைப் படகுத்துறையாக மட்டுமே அறிவார்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வந்து, 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஜாலி பாய் தீவுக்கோ ரெட் ஸ்கின் தீவுக்கோ படகேறி, பவளப் பாறைகளைக் கண்டு களித்துத் திரும்பும் அவர்களுடைய பார்வையில், அந்தச் சுற்றுப்புறத்து வயல்கள் அதிகமாகப் படுவதில்லை. அந்த வயல்களைப் பற்றியதே இக்கட்டுரை. நிலத்தைக் கெடாமல் காக்கும் சாகுபடி முறைகளைச் சிறு விவசாயி எந்தக் காரணத்தால் ஏற்கிறான், எந்தக் காரணத்தால் ஏற்காமல் ஒதுங்குகிறான் என்ற கேள்வி உலகெங்கும் விவசாய ஆராய்ச்சியாளர்களை அலைக்கழித்து வருகிறது. கடந்த இருபது வருஷங்களில் இந்த வயல்களுக்கு நேர்ந்ததும், அவற்றை நம்பி ஜீவிப்பவர்கள் அதற்குக் கண்ட மாற்றும், அந்தக் கேள்விக்குத் தெளிவான விடையைத் தருகின்றன என்பது என் அபிப்பிராயம்.

இவை ஆதிகாலம் தொட்டு வயல்களாக இருந்த நிலங்கள் அல்ல. 1858-இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவிய நாள் முதலாக, காட்டை வெட்டியும், கழிகளை ஒட்டிய கண்டல் சதுப்புகளுக்குக் கரை போட்டு ஓதநீர் உள்ளே ஏறாதபடி மதகு வைத்தும், பல தலைமுறைகளின் உழைப்பால் உண்டாக்கப்பட்டவை. 1921-ஆம் வருஷத்து மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்டு வந்த மாப்பிள்ளைமார் தாங்கள் இழந்த ஊர்களின் பெயர்களையே இங்கே இட்டு வாழத் தொடங்கினார்கள். வண்டூரும் மஞ்சேரியும் அப்படி வந்த பெயர்களே. 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்கள் வந்திறங்கின. குடும்பம் ஒன்றுக்கு 5 ஏக்கர் நெல் நிலமும் 5 ஏக்கர் மேட்டு நிலமும் என்பது அக்காலத்துக் குடியேற்றத் திட்டத்தின் அளவு. கீழே பள்ளத்தில் நெல், மேலே சரிவில் தென்னையும் கமுகும் என்ற இரட்டை ஜீவனம் அன்றிலிருந்து இத்தீவுகளின் குடியானவனுக்கு வாய்த்தது. அந்தப் பத்து ஏக்கர் பிள்ளைகளிடையிலும் பேரப்பிள்ளைகளிடையிலும் பங்காகிச் சுருங்க, அதை ஈடுசெய்யப் புது நிலத்துக்கு வழியில்லாமல் போயிற்று. 8,249 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவுக் கூட்டத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் காடு. சாகுபடி நிலம் சுமார் 50,000 ஹெக்டேர்தான். 1978-க்குப் பின் காட்டில் நேர்ந்த ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதத்தில் பிறப்பித்த உத்தரவு, கோடரியோடு புறப்பட்டுப் புது நிலம் காணும் பழைய வழியை முற்றிலும் அடைத்துவிட்டது. ஆகவே இருக்கிற நிலத்தைக் கெடுத்துக்கொண்டால் போக்கிடம் இல்லை என்ற நிலைமை, 2004-ஆம் வருஷத்துச் சமுத்திரப் பேரழிவுக்கு முன்னமே இங்கே உருவாகியிருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்ததை நாம் சுனாமி என்ற ஒரே பெயரால் குறிப்பிட்டாலும், நாகப்பட்டினத்து வயலுக்கு நேர்ந்ததும் வண்டூர் வயலுக்கு நேர்ந்ததும் வேறு வேறு. நாகப்பட்டினத்தில் கடல் வந்தது, உப்பையும் சேற்றையும் விட்டுச் சென்றது. மழைநீரைத் தேக்கி வடித்தும், தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதும், அங்கே மிகப் பல நிலங்கள் சில பருவங்களிலேயே மறுபடி விளைந்தன. தென் அந்தமானில் கடல் வந்ததோடு நிலமும் இறங்கியது. பூமியின் தட்டுகள் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் பிளந்து நழுவிய அந்தக் காலையில், வட அந்தமான் சற்று உயர, தென் அந்தமானின் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் வயலுக்கு ஒரு மீட்டர் என்பது சாமானியமான அளவன்று. பழைய கரைகளும் மதகுகளும் பயனற்றுப் போயின. சிப்பிகாட், மஞ்சேரி, குப்தபாரா, வண்டூர் ஆகிய இடங்களில் நெல் விளைந்த பள்ளங்களுக்குள் தினம் இருமுறை ஓதம் ஏறி இறங்கலாயிற்று. சில நிலங்கள் நிரந்தரமாகக் கழியாகிவிட்டன. அவற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முழுவதும் மூழ்காமலும் முன்போல் வறளாமலும், உப்புக்கும் மழைவெள்ளத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட நிலங்களே நமது விசாரணைக்கு உரியவை.

இத்தீவுகளில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதால், மே முதல் டிசம்பர் வரை ஏறக்குறைய இடைவிடாத மழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வறண்டுவிடும். மழைக்காலத்தில் உப்பு கரைந்து வடிகிறது என்றாலும், தாழ்ந்துவிட்ட வயலில் தண்ணீர் வடிய வழியின்றித் தேங்கி நிற்கிறது; உயரமாய் வளர்ந்து நீண்ட காலம் நின்று விளையும் சி-14-8 என்ற பழைய நெல் ரகத்தைத் தவிர வேறெதுவும் அந்தச் சேற்றில் தலைதூக்குவது கஷ்டம். வறண்ட மாதங்களிலோ அடிமண்ணிலுள்ள உவர்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, ஆவியாகி, மேற்பரப்பில் வெள்ளையாய்ப் பூத்த உப்பை விட்டுவிடுகிறது. ஆக, எட்டு மாதம் தண்ணீர் மிகுதியால் கெடுவதும் நான்கு மாதம் உப்பின் மிகுதியால் கெடுவதுமாய், ஒரே வயல் இரண்டு நேர்விரோதமான காரணங்களால் பாழாயிற்று.

போர்ட் பிளேரில் 1978 முதல் இயங்கிவரும் மத்திய தீவு விவசாய ஆராய்ச்சி நிலையம் இந்தச் சிக்கலுக்குச் சொன்ன பரிகாரங்களில் முக்கியமானது, அகன்ற மேட்டுப்பாத்தியும் அதை அடுத்து அகலமான பள்ளமுமாக வயலின் உருவத்தையே மாற்றி அமைப்பது. நான்கைந்து மீட்டர் அகலத்துக்கு மண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் தோண்டி, அந்த மண்ணைப் பக்கத்திலே அதே அகலத்துக்கு உயர்த்திவிட்டால், பாத்தி வெள்ளத்துக்கும் ஓதத்துக்கும் மேலே நிற்கிறது. பெய்யும் மழை பாத்தியின் உப்பைக் கழுவிப் பள்ளத்துக்கு இறக்குகிறது. உயரம் கூடியதால் வறண்ட மாதங்களில் அடியிலிருந்து ஏறும் உப்பு மேற்பரப்பை எளிதில் எட்டுவதில்லை. பள்ளத்தில் தேங்கும் மழைநீரில் மீன் வளர்க்கலாம். ஜனவரிக்குப் பின் அதே நீரைக் குடத்தாலோ பம்பாலோ எடுத்துப் பாத்திக்கு ஊற்றலாம். அந்த நிலையத்தைச் சேர்ந்த வேல்முருகன், ஸ்வர்ணம் முதலிய விஞ்ஞானிகள் 2016-இல் சர்வதேச ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய நிலையான பாத்திகளில் உவர் குறைவதையும் நீர்த்தேக்கம் நீங்குவதையும் அளந்து காட்டியது. ஜாவா தீவில் ஸொர்ஜான் என்ற பெயரில் இதே வகைச் சாகுபடி வழக்கத்தில் உண்டு. கேரளத்துப் பொக்காளி வயல்களில் உவர்நீருக்கு மேலே மேடு கட்டி நெல் நாற்று வளர்ப்பதும் இதன் உறவுமுறைதான். கருத்து புதிதன்று, அமிழ்ந்துபோன அந்தமான் வயலுக்கு அதைப் பொருத்தியதே புதுமை.

இனி நமது பிரதான விஷயத்துக்கு வருவோம். ஒரு குடியானவன் தன் நெல் நிலத்தில் பாதியைத் தோண்டித் தண்ணீர்ப் பள்ளமாக்கச் சம்மதிக்கிறான் என்றால் அது சிறிய சம்மதமன்று. மண்ணின் உப்பளவு குறையும், நிலத்தடி வளம் பெருகும், எதிர்காலச் சந்ததி வாழ்த்தும் என்றெல்லாம் சொல்லும் பிரசாரத்தால் மட்டும் அந்தச் சம்மதத்தைப் பெற முடியாது. அதைப் பெற்றுத் தருவது போர்ட் பிளேர்ச் சந்தையின் நாட்காட்டி. தலைநகரத்துக்கு வேண்டிய காய்கறியில் கணிசமான பங்கு சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலேறி வருகிறது. வருகிற வழியில் வாடுகிறது, அழுகுகிறது, விலை ஏறுகிறது. புயற்காலத்தில் கப்பல் தாமதித்தால் வராமலும் போகிறது. தீவிலேயே விளையும் காய் வறண்ட மாதங்களில் ஓரளவு கிடைக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை சமநிலத்தில் போட்ட வெண்டையும் கத்தரியும் வேர் அழுகிச் சாகும். அந்த மாதங்களில்தான் விலை உச்சியில் நிற்கும். மேட்டுப்பாத்தி உடையவன் அந்த மாதங்களில் கீரையும் பாகலும் பயறும் சந்தைக்குக் கொண்டுபோக முடிகிறது என்பதிலேதான் இம்முறையின் கவர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. நிலம் காப்பாற்றப்படுவது உண்மை. ஆனால் அந்தக் குடும்பம் பாத்தி போட்டது, மற்றவர்களிடம் காய் இல்லாத நாளில் தன்னிடம் காய் இருக்க வேண்டும் என்பதற்காக. வருஷத்துக்கு ஒருமுறை அறுத்து விற்கும் நெல்லைப் போலன்றி, கீரையும் காயும் வாரந்தோறும் சிறுதொகை தருவதும், அந்தத் தொகை பெரும்பாலும் பறித்துக் கட்டும் பெண்களின் கையில் நேராக வந்து சேர்வதும், இந்த நிர்ணயத்தில் வெளியார் கவனிக்கத் தவறும் பெரிய பலம்.

பிரசாரத்தால் மட்டும் விவசாயி துணிவதில்லை என்பதற்குச் சமூகவியல் ஆராய்ச்சியில் ஆதாரங்கள் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ஒட்டு மக்காச்சோள விதை பரவிய விதத்தை ஆராய்ந்து ரயன், கிராஸ் என்ற இருவர் 1943-இல் வெளியிட்ட ஆய்வில், விதையைப் பற்றி முதலில் தெரிவித்தவர்கள் விற்பனைக்காரர்கள், அதை நம்பச் செய்தவர்கள் பக்கத்து வயல்காரர்கள் என்று கண்டார்கள். செய்தி அறிவது ஒன்று, துணிவது வேறொன்று என்ற இந்த வேறுபாட்டை நமது விரிவாக்கப் பணியாளர்கள் இன்னமும் முழுமையாக உள்வாங்கவில்லை. 2007-இல் நோலர், பிராட்ஷா என்ற இருவர், மண் காக்கும் விவசாயத்தை ஏற்பதற்கான காரணங்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள்; கல்வி, வயது, நில அளவு, வருமானம் என்று எதை எடுத்துக்கொண்டாலும், ஓரிடத்தில் அது ஏற்பைக் கூட்டுகிறது, வேறிடத்தில் குறைக்கிறது, மற்றோரிடத்தில் ஒன்றும் செய்வதில்லை; எங்கும் பொருந்தும் காரணம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை என்பதே அவர்கள் கண்டது. இதைக் கேட்டு விரக்தி அடைய வேண்டியதில்லை. குடியானவன் தன் குணத்தையோ படிப்பையோ கொண்டு முடிவு செய்வதில்லை, தன் நிலமும் சந்தையும் ஆள்பலமும் சேர்ந்த கணக்கைக் கொண்டு முடிவு செய்கிறான் என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டால், எந்த ஊரில் எதைத் தேட வேண்டும் என்பது விளங்கிவிடும்.

இந்தக் கணக்கைக் கென்யா தேசத்து மச்சாகோஸ் மாவட்டத்தின் சரித்திரம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 1930-களில் அங்கு மலைச்சரிவுகள் அரித்துக் கிடந்ததைப் பார்த்த ஆங்கில அதிகாரிகள், ஜனத்தொகை பெருகியதால் இப்பிரதேசம் பாழாகிறது என்று தீர்மானித்து, கட்டாய வேலை வாங்கிப் படிவரப்புகளைப் போடச் செய்தார்கள். ஜனங்கள் வெறுப்போடு போட்டார்கள். கட்டாயம் நீங்கியதும் பலவற்றைக் கைவிட்டார்கள். பிறகு நைரோபி நகரத்தின் சந்தை விரிந்து, காப்பியும் காய்கறியும் பழமும் பணம் தரத் தொடங்கியதும், அதே ஜனங்கள் தாங்களாகவே, தங்களுக்கு ஏற்ற வேறொரு வகைப் படிவரப்பைத் தேர்ந்து, சரிவு முழுவதையும் செதுக்கினார்கள். 1930-களுக்கும் 1990-க்கும் இடையில் ஜனத்தொகை சுமார் ஐந்து மடங்கு ஆகியும் மண்ணரிப்பு குறைந்தது என்று டிஃபன், மார்டிமோர், கிச்சூகி ஆகிய மூவரும் 1994-இல் வெளியிட்ட நூல் விவரித்தது. நிலம் நெருக்கப்படும்போதுதான் அதன்மேல் உழைப்பைக் கொட்டும் முறைகள் பிறக்கின்றன என்று எஸ்தர் போஸரப் 1965-இலேயே எழுதியதற்கு இது ஒரு நிரூபணம் போலாயிற்று. மச்சாகோஸுக்கு நைரோபி எப்படியோ, வண்டூருக்குப் போர்ட் பிளேர் அப்படி. அங்கே பெருகிய ஜனத்தொகை, இங்கே சுற்றியுள்ள காடும் கடலும் என்று நிலத்தை நெருக்கியவை வேறானாலும், நிர்ப்பந்தம் இரண்டிடத்திலும் ஒன்றுபோன்றதுதான்.

ஆயினும் மச்சாகோஸின் குடியானவன் ஆண்டுக்குச் சில வரப்பாக மண்வெட்டியால் தானே போட்டுக்கொள்ள முடிந்தது. வண்டூர்க்காரனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஒரு ஏக்கரில் பாதிப் பரப்பைச் சரிவான கரைகளோடு ஒரு மீட்டர் ஆழம் தோண்டுவதென்றால் ஏறக்குறைய 1,600 கன மீட்டர் மண் புரள வேண்டும். ஒட்டிப் பிடிக்கும் ஈரக் களிமண்ணை ஓர் ஆள் நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் வெட்டி ஏற்றுவதாக வைத்துக்கொண்டாலும் 800 ஆள்நாள் ஆகிறது. வேலை செய்யத் தக்க காலமோ வறண்ட நான்கு மாதங்கள்தான். நாள்கூலி உயர்ந்து, இளைஞர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் படகுத்துறைப் பிழைப்பையும் நாடிவிட்ட ஊரில் இது நடவாத காரியம். ஜே.சி.பி. என்று எல்லோரும் சொல்லும் மண்வாரி இயந்திரத்தை அமர்த்தினால் சில நாட்களில் முடியும். அதற்கான தொகை நெல் விளையாத வயலின் சொந்தக்காரனிடம் இராது. உலக வங்கியின் உதவியோடு தேசிய விவசாயப் புத்தாக்கத் திட்டத்தின் கீழ், மேற்கு வங்காளத்துக் கானிங் நகரிலுள்ள உவர்நில ஆராய்ச்சிக் கிளையும் போர்ட் பிளேர் நிலையமும் சேர்ந்து சுந்தரவனத்திலும் அந்தமானிலும் நிலத்தை உருமாற்றும் பணியைச் செய்தபோது, இந்த முதற்செலவைத் திட்டம் தாங்கியது. அந்தத் தாங்கல் கிடைத்த வயலில் முறை வேரூன்றுவதும், கிடைக்காத வயலில் விவசாயி வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவதும் இயல்பே. அந்த இரண்டாமவனைப் பழமைப்பித்தன் என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். அவனுக்குப் பாத்தியின் பயன் நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் செய்யும் சக்திதான் இல்லை.

நில உரிமையும் இதனோடு சேர்ந்த விஷயம். 1966-ஆம் வருஷத்து நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குவிதியின்படி பதிவு பெற்றவன், தோண்டிய பள்ளம் தன் பேரன் காலத்திலும் தன் குடும்பத்துடையதே என்று நம்பலாம். பங்காளிகளிடையே பிரியாமல் ஒரே பெயரில் கிடக்கும் நிலத்தையோ, எந்த நாளும் வெளியேற்றப்படக்கூடிய இடத்தையோ உழுகிறவனிடம், பத்து வருஷத்தில் பலன் தரும் மண்வேலையை எதிர்பார்ப்பது நியாயமன்று. அவன் ஒரே பருவத்தில் போட்டு ஒரே பருவத்தில் எடுக்கக்கூடியதையே செய்வான். அந்த நிலையில் யாரும் அதையே செய்வார்கள்.

இதே குடியானவனை மேட்டு நிலத்தில் வைத்துப் பார்த்தால் நம் கருத்து இன்னும் உறுதிப்படுகிறது. தென்னைக்கு இடையே மிளகு, பட்டை, ஜாதிக்காய், இஞ்சி, மஞ்சள் என்று பல அடுக்காகப் பயிரிடும்படி விஞ்ஞானிகள் சொன்னதை விவசாயிகள் விரும்பி ஏற்கிறார்கள். மண்ணை மூடும் அந்தப் பயிர்கள் பணமும் தருவதால் அதில் தடையில்லை. சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்புப் போடுங்கள், புல்வரிசை நடுங்கள் என்று சொன்னால் அதற்கு அத்தனை வரவேற்பு இல்லை. அந்த வரப்பினால் காக்கப்படும் மண்ணில் ஒரு பகுதி அவனுடையது. மறுபகுதி கீழே ஓடையிலும், ஓடை போய்ச் சேரும் கடலிலும் இறங்காமல் தடுக்கப்படுவது. கலங்கல் நீரும் வண்டலும் பவளப் பாறைக்குப் பகை என்பது யாவரும் அறிந்தது. பூங்காவைப் பார்க்க வருகிற பிரயாணிகளும், அவர்களால் வருமானம் பெறும் சர்க்காரும் அந்த வரப்பின் பயனை அனுபவிக்கிறார்கள். செலவு மலைச்சரிவில், லாபம் சமுத்திரத்தில் என்றிருக்கும்போது, அந்தச் செலவைச் சரிவில் இருப்பவன் மட்டும் ஏற்க வேண்டும் என்பதற்கு என்ன தர்மம் இருக்கிறது?

முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கண்டல் வளர்ந்த பழஞ்சதுப்பின் அடிமண்ணில் கந்தகம் கலந்த தாதுக்கள் இருக்கின்றன. நீருக்குள் கிடக்கும் வரை அவை சாதுவாய் இருக்கும், தோண்டிக் காற்றுப்படச் செய்தால் அமிலமாகிப் பயிரைச் சுடும். மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியே வைத்துக்கொண்டு, அடிமண்ணை இட்டபின் மறுபடி மேலே பரப்பாவிட்டால், பாத்தி ஒரு வருஷமல்ல, பல வருஷம் வெறுமையாய்க் கிடக்கும். அவசரக் காண்டிராக்ட் வேலையில் இந்த விதி மீறப்பட்டால் நஷ்டம் அந்த ஒரு வயலோடு நிற்பதில்லை. பக்கத்து வயல்காரன் பார்த்துத் துணிகிறான் என்றால், பார்த்துப் பயந்து பின்வாங்கவும் செய்வான். பச்சைக் காயைத் தேடி வரும் புள்ளிமான் கூட்டம் வேறு தொல்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட அம்மிருகத்துக்கு இங்கே இயற்கைப் பகை ஏதும் இல்லை. வேலியில்லாத பாத்தி ஓர் இரவில் மொட்டையாகும். ஆகவே வேலிச் செலவையும் சேர்த்தே இம்முறையின் செலவைக் கணக்கிட வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு லாபத்தை மட்டும் அச்சிட்டுக் காட்டும் துண்டுப் பிரசுரங்களை விவசாயிகள் நம்பாததில் ஆச்சரியமில்லை.

ஆகவே நிர்வாகத்துக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இந்தக் கட்டுரையின் மூலம் வைக்கும் விண்ணப்பம் இது. விழிப்புணர்ச்சிக் கூட்டங்களுக்குச் செலவிடும் பணத்தைக் குறைத்து, முதல் மண்வேலைக்கும் வேலிக்கும் பொதுப்பணத்தைக் கொடுங்கள். சாகுபடிச் செலவை விவசாயி தானே ஏற்பான். மேல்மண்ணைப் பிரித்து வைக்கும் வேலையை நிலையத்தைச் சேர்ந்த ஒருவர் வயலில் நின்று மேற்பார்க்கட்டும். பிரிவினையாகாத நிலங்களுக்குத் தனிப்பதிவு கொடுப்பதை விரைவாக்குங்கள். கிராமத்துக்கு ஒரு வயலையாவது, சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில், நன்றாகச் செய்து காட்டுங்கள். மண் தோண்ட ஏற்ற காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். அனுமதியும் பணமும் டிசம்பருக்குள் விவசாயியின் கைக்கு வந்தாக வேண்டும்.